பெருக்கியின் வாட் கணக்கு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்கள் தம்முள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் சிறு வானொலிக் கருவிக்கு ‘சிட்டிசன்ஸ் பேண்ட்’, சுருக்கமாக சி.பி. என்று பெயர். அதன் அதிர்வெண் ஏறத்தாழ 27 மெகாஹெர்ட்ஸ். வீச்சுப் பண்பேற்ற முறையில் அதற்கு அனுமதிக்கப்பட்ட திறன் 4 வாட் மட்டுமே. காரில் வைத்து இத்திறனைப் பெருக்குவதற்கென்று 1970, 80-களில் செய்யப்பட்ட டிரான்சிஸ்டர் பெருக்கிகள் இன்றும் அங்கே பழைய பொருள் சந்தைகளில் கைமாறுகின்றன. சி.பி. கருவியோடு பெருக்கியை இணைக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. ஆனால், அருகிலுள்ள 28 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் பெருக்கி வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒருவர் பழைய பெருக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? வகுப்பில் நாம் கற்ற இயற்பியலே பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

பெட்டியின்மேல் ‘200 வாட்’ என்றிருந்தால் மயங்க வேண்டாம். பின்புறத்துப் பியூஸைப் பாருங்கள். அது 10 ஆம்பியர் என்று கொள்வோம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 13.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 138 வாட். உள்ளே செல்வதே இவ்வளவுதான். இதில் பாதியோ, சற்றுக் கூடுதலோதான் வானலையாகும். எஞ்சியது வெப்பம். அப்படியிருக்கத் தொடர்ந்து 200 வாட் எங்கிருந்து வரும்?

இன்னொரு சூட்சுமமும் உண்டு. விற்போர் சொல்வது பெரும்பாலும் உச்சத் திறன். முழுப் பண்பேற்றத்தின் உச்சத்தில் அலையின் வீச்சு இருமடங்காகிறது. திறன் வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் அது நான்கு மடங்காகிறது. ஆகவே 100 வாட் உச்சத் திறனுள்ள பெருக்கியில் ஊர்தி அலையை 25 வாட்டுக்கு மேல் ஏற்றினால் பேச்சு கரகரக்கும். 4 வாட் 25 வாட்டாவது 8 டெசிபல் உயர்வு. எதிர்முனையில் கேட்பவரின் மானியில் ஒரு பிரிவு 6 டெசிபல் என்றால், முள் ஒன்றேகால் பிரிவுக்குச் சற்று மேல் நகரும், அவ்வளவே! அவர் பேசுவதோ உங்களுக்கு முன்போலவேதான் கேட்கும். இந்தச் செலவில் குட்டை ஏரியலை நீக்கிவிட்டு, கால் அலைநீளத்துக்கு, அதாவது இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள கம்பியை நிறுத்தினால் பேசுவது, கேட்பது இரண்டுமே மேம்படும் என்பது என் கட்சி.

சரி, பெருக்கிதான் வேண்டுமென்றால் மூடியைத் திறந்து பார்ப்போம். சிலிக்கன் டிரான்சிஸ்டர் 0.6, 0.7 வோல்ட் வரும்வரை கடத்தாது அல்லவா? மலிவான பெருக்கிகளில் அடிவாய்க்குச் சார்பு மின்னழுத்தம் கொடுத்திருக்கமாட்டார்கள். ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசினால் அவை மெல்லிய அசைகளை விழுங்கிவிடும். எனவே சார்புள்ளதையே எடுக்க வேண்டும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. சூடேறினால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் மேலும் சூடேறும். இந்தச் சுழலை அடக்க ஒரு டயோடை டிரான்சிஸ்டரின் அருகே ஒட்டிவைப்பார்கள். பல ஆண்டுகளில் பசை காய்ந்து அது விலகியிருந்தால், பெருக்கி ஒருநாள் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும். நான் முதலில் தேடுவது இந்த டயோடைத்தான்.

அடுத்து, வெளிவாயில் அருகே சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்ட வடிப்பான் இருக்கிறதா? இழுத்துக் கட்டிய கம்பியைப்போல் பெருக்கியும் மேற்சுரங்களை எழுப்பும். 27-இன் இருமடங்கு 54. அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரண்டாம் அலைவரிசை தொடங்குவதே 54 மெகாஹெர்ட்ஸில்தான். பக்கத்து வீட்டுப் படம் கோடுகோடாகக் கெட்ட கதைகளுக்கு இதுவே காரணம். 1978-இல் அந்நாட்டு ஆணையம் இத்தகைய பெருக்கிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தியதற்கும் இத்தொல்லை ஒரு காரணம்.

வாங்குமுன் ஏரியலுக்குப் பதிலாக 50 ஓம் சுமையை இணைத்து ஓட்டிப் பாருங்கள். அப்போது மின்னழுத்தத்தைப் பேட்டரியில் அளக்காமல், பெருக்கியின் முனைகளில் அளக்க வேண்டும். கம்பியின் தடை 0.1 ஓம், மின்னோட்டம் 15 ஆம்பியர் என்றால் வழியிலேயே 1.5 வோல்ட் போய்விடும். நல்ல பெருக்கியும் அப்போது சோனியாகத் தோன்றும்.

டிரான்சிஸ்டர் மாற்றப்பட்டிருந்தால் எச்சரிக்கை தேவை. டோஷிபாவின் 2எஸ்சி2879 போன்றவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது; வேறு டிரான்சிஸ்டர்மேல் அந்த எண்ணை அச்சிட்டு விற்போர் உண்டு. பழுதான பழையதைக் குடைந்து பார்க்கவும் வேண்டாம். இவ்வகைத் திறன் டிரான்சிஸ்டர்கள் பலவற்றின் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்சைடால் ஆனது. முழுதாக இருக்கும்வரை தீங்கில்லை. உடைத்தாலோ அரத்தால் ராவினாலோ எழும் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு.