உங்கள் பூனைக்கு எந்த மருந்தகம்?

உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா? 2024 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் வீவக வீடுகளில் பூனை வளர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். பூனைக்கு உரிமம் பெறவேண்டும். அதன் உடலில் நுண்சில்லு பொருத்தியிருக்கவேண்டும். இதற்காக 2026 ஆகஸ்ட் 31 வரை கால அவகாசம் தரப்பட்டது.

அதன் பிறகு புக்கிட் பாஞ்சாங்கில் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், பூனையை எந்த மருந்தகத்துக்குக் கொண்டுபோகலாம்?"

நான் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற பாடங்களே இதற்குப் போதும்.

தூரமும் ஓர் அளவுகோல்

நம் வட்டாரத்தில் எங்கே போவதென்றாலும் எல்ஆர்டி ரயிலில் ஏறிவிடுவோம். ஆனால் எம்ஆர்டி, எல்ஆர்டி ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. செகாரில் இருக்கும் பூனை பெட்டிருக்குப் போகவேண்டுமானால்கூட நடக்கவேண்டும், அல்லது பிராணிகளை ஏற்றிக்கொள்ளும் வாடகை வண்டியைத் தேடவேண்டும்.

தூரத்தைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. பயந்த பூனையின் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. நீரிழிவு இல்லாத பூனைக்கும் இரத்தச் சர்க்கரை உயரக்கூடும். ஆய்வுக்கூடத்தில் தராசு ஆடிக்கொண்டிருக்கும்போது எடையைக் குறித்துக்கொள்வீர்களா? பதற்றத்தில் இருக்கும் பூனையைச் சோதிப்பதும் அப்படித்தான்.

ஆகவே வழக்கமான பரிசோதனைக்கு அருகில் இருக்கும் மருந்தகம் நல்லது. பூனையும் நாயும் ஒன்றையொன்று பார்க்காமல் காத்திருக்க அங்கே இடம் உண்டா என்றும் பாருங்கள். பூனையைக் கொண்டுபோகும் கூண்டைச் சில நாள்களுக்கு முன்பே வீட்டுக் கூடத்தில் திறந்து வையுங்கள். அதற்குள் பழைய துண்டு ஒன்றை விரியுங்கள். கூண்டு பழகிய இடமாகிவிட்டால் பயமும் குறையும்.

நலமாக இருக்கும்போதே ஏன் போகவேண்டும்?

கொண்டோமினியத்தில் வசிக்கும் என் அக்கா ஒரு பூனை வளர்த்தார். அதற்கு வயது பதினொன்று. திடீரென்று நிறையத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. "வெயிலுக்கு நல்லதுதானே" என்று எல்லாரும் மகிழ்ந்தோம். அறிவியல் ஆசிரியரான எனக்கும் அப்போது சந்தேகம் வரவில்லை. பூனை மெலிந்த பிறகுதான் மருத்துவரிடம் போனோம். சிறுநீரகம் வெகுவாகப் பழுதடைந்திருந்தது.

காரணம் இதுதான். சிறுநீரகத்துக்குச் சேமிப்புத் திறன் அதிகம். செயல்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் குறைகிறது. அப்போது நீர் வீணாக வெளியேறுகிறது. அதை ஈடுகட்டப் பூனை அதிகம் குடிக்கிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் இயல்பு வரம்பைத் தாண்டுகிறது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "முன்பு எடுத்த பரிசோதனை முடிவு இருக்கிறதா?" எங்களிடம் ஒன்றுகூட இல்லை. ஒற்றைப் புள்ளியை வைத்து வரைபடம் வரைய முடியுமா? ஆண்டுதோறும் ஒரே மருந்தகத்தில் பதிவு செய்திருந்தால், எண்கள் இயல்பு வரம்புக்குள் இருக்கும்போதே அவை மெல்ல ஏறுவது தெரிந்திருக்கும்.

எடையும் அப்படியே. நான்கு கிலோ பூனை 400 கிராம் இழந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது உடல் எடையில் 10 விழுக்காடு. 50 கிலோ எடையுள்ள நீங்கள் ஐந்து கிலோ இழப்பதற்குச் சமம். ஒவ்வொரு முறையும் எடை பார்த்துப் பதிவு செய்து, அந்தப் பதிவுகளைக் கேட்டால் தரும் மருந்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

"ஏன்?" என்று கேளுங்கள்

பூனைக்குட்டிக்குத் தடுப்பூசியை ஒரே தடவையில் போட்டு முடிப்பதில்லை. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் திரும்பப் போட்டு, 16 வாரமோ அதற்குச் சற்றுப் பிறகோ வரை தொடர்கிறார்கள். தாயின் பால்வழி வந்த எதிர்ப்புப் பொருள்கள் குட்டியைக் காக்கின்றன. அவையே தடுப்பூசி வேலை செய்வதையும் தடுக்கின்றன. அவை மறையும் நாள் குட்டிக்குக் குட்டி மாறுபடும். அதனால்தான் பல தவணைகள்.

"இந்த ஊசி ஏன் இப்போது?" என்று கேட்டால் பொறுமையாக விளக்கும் மருத்துவரே உங்களுக்கு ஏற்றவர். கட்டணத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பூனை, சின்ன மனிதன் அல்ல

நமக்குக் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் விழுங்குகிறோம். நம் கல்லீரல் அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்து வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய நொதி பூனைக்கு மிகக் குறைவு. நச்சு தேங்கிச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம். நாய்களின் உண்ணிக்குப் பயன்படுத்தும் பெர்மெத்ரின் கலந்த மருந்துகளும் பூனைக்கு நஞ்சு.

முயல் வளர்ப்பவர்களும் கவனிக்கவேண்டும். பூனைக்குக் கொடுக்கும் அமாக்சிசிலினை முயலுக்கு வாய்வழி கொடுத்தால் அதன் குடலில் வாழும் நல்ல பாக்டீரியா அழிந்து உயிருக்கே ஆபத்து வரும். எல்லா மருந்தகங்களும் முயல், வெள்ளெலி, ஆமை ஆகியவற்றைப் பார்ப்பதில்லை. தொலைபேசியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நுண்சில்லு எப்படி வேலை செய்கிறது?

அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிறு கம்பிச்சுருளும் மின்சில்லும் இருக்கின்றன. மின்கலம் இல்லை. வருடியை அருகில் கொண்டுவந்தால் மின்காந்தத் தூண்டலால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சில்லு தன் 15 இலக்க எண்ணைச் சொல்கிறது. பூனை எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. எனவே பதிவேட்டில் உங்கள் தொலைபேசி எண் சரியாக இருந்தால்தான் அதனால் பயன்.

முடிவெடுக்கும் முன்

விலங்குநல மருந்தகங்களுக்கும் மருத்துவர்களுக்கும் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு உரிமம் வழங்குகிறது. முதலில் அதைச் சரிபாருங்கள். "நள்ளிரவில் அவசரம் என்றால் எங்கே போவது?" என்றும் கேளுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் மருந்தகத்தின் எண்ணைக் குளிர்பதனப்பெட்டிக் கதவில் இன்றே ஒட்டிவையுங்கள்.

இன்றிரவு ஒரு சிறு பயிற்சி. பூனை அயர்ந்து தூங்கும்போது அதன் விலாப்புறத்தைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு நிமிடத்துக்கு எண்ணிக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதுங்கள். பெரும்பாலும் 15 முதல் 30 வரை இருக்கும். பல முறை எண்ணியும் 30ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்கவே வேண்டாம்.

தனக்கு வலிக்கிறது என்று பூனை சொல்லாது. வலியை மறைப்பது அதன் இயல்பு. அதன் சார்பில் மருத்துவரிடம் பேசப்போவது உங்கள் குறிப்பேடுதான். எங்கள் வீட்டில் அப்படி ஒரு குறிப்பேடு இல்லை. உங்கள் வீட்டில் இருக்கட்டும்.