கோப்பை டிராகன்ஸுக்கு எட்டும் தூரத்தில்தானா?

7 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்ட ஹாக்கி இந்தியா லீக்கில், தமிழ்நாடு டிராகன்ஸ் முதல் பருவத்திலேயே எட்டு அணிகளில் நான்காவதாக வந்தது. அரையிறுதியில் ஷூட்அவுட்டில்தான் தோற்றது. வென்ற வங்க அணியே பின்னர் கோப்பையையும் தூக்கியது. அதனால் கோப்பைக்குப் போட்டியிடும் தகுதி இந்த அணிக்கு உண்டு என்றே சொல்வேன். ஆனால் அது ஏலத்தொகையால் நிலைக்காது. யிப் யான்சன் போன்ற வெளிநாட்டு வீரர்கள் பெனால்டி கார்னரில் கோல் அடிப்பார்கள், சரி. ஆனால் அந்தப் பருவத்தில் 24 பேர் கொண்ட அணியில் வெளிநாட்டவர் எட்டுப் பேர்தானே? மீதி 16 பேரும் இந்தியர்கள். பருவம் முழுக்க ஆட்டத்தைத் தாங்குவது அவர்கள்தான்.

லீக் என்றாலே காசுக்கு வீரர்களை வாங்குவது, உள்ளூர்ப் பையன்கள் எதற்கு என்று கேட்கலாம். வாங்கலாம்தான், ஆனால் எல்லா அணிகளும் ஒரே சந்தையில் நிற்கின்றன. கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் அறிமுக ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். அத்தகைய ஆள் பிடிபடும் இடம் ஏலக்கூடம் அல்ல. தேசிய அணியின் முகாம் நடக்கும் பெங்களூரு சாய் (இந்திய விளையாட்டு ஆணைய) மையம் நம் ஓசூருக்கு வெகுதூரமில்லை. அந்த முதல் பருவத்தில் பெங்களூருக்கென ஆண்கள் அணியும் இல்லை; அதனால் அந்தப் பக்கத்துப் பையன்களைத் தேட உள்ளூர்ப் போட்டியும் இல்லை. கோவில்பட்டியை மட்டும் நம்பாமல், ஓசூர், கிருஷ்ணகிரி பள்ளிகளில் செயற்கைப் புல்தரையோடு ஒரு வலை விரித்தால் டிராகன்ஸுக்கு மற்றவர்களிடம் இல்லாத பிடி கிடைக்கும்.