எஃப்பிஎஸ் தராத பார்ட்டுக்கு ஏன் முதல் செலவு?

பட்ஜெட் கேமிங் பத்தி நமக்கு வர்ற கேள்விகள்ல பாதிக்கு மேல எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்த பிராசஸர் என்பதுதான். இந்த வாரம் மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வேற மாதிரி கேட்டிருக்கார். "அண்ணா, என்கிட்ட ரைசன் 5 5600ஜி சிஸ்டம் இருக்கு. பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசுல செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டு வாங்கிட்டேன். கேபினெட்டோட வந்த எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்ஸ்னு போட்டிருக்கு. அதுவே போதும்னு கடைக்காரர் சொல்றார். மாட்டலாமா?" கூடவே லேபிளை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். மாட்டாதீங்க தம்பி. ஏன் என்பதுதான் இன்றைய எபிசோட்.

450 வாட்ஸ் எங்கே இருக்கு?

எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டுல ஒரு அட்டவணை ஒட்டியிருப்பாங்க. பெரிய எழுத்துல இருக்கிற வாட்ஸை விட்டுடுங்க. +12 வோல்ட்னு ஒரு கட்டம் இருக்கும், அதுக்குக் கீழே எத்தனை ஆம்பியர்னு மட்டும் பாருங்க. இன்றைய பிசியில பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ட் லைன்லதான் எடுக்குது. 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்கள்ல எவ்வளவு இருந்தாலும் கேம் ஆடுறதுக்கு அது உதவாது.

தம்பி அனுப்பின ஃபோட்டோவுல 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர்னு இருந்தது. 12 பெருக்கல் 16, 192 வாட்ஸ். 450 என்று அச்சடிச்ச பெட்டியில நமக்குப் பயன்படுறது அவ்வளவுதான்.

இப்போ தேவையைப் பார்ப்போம். ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட்ஸ்னு கம்பெனியே சொல்லுது. 5600ஜி 65 வாட்ஸ் பிராசஸர்னு பேர், ஆனா முழு லோடுல 88 வாட்ஸ் வரைக்கும் எடுக்க அனுமதி உண்டு. கூட்டினா 273. ஃபேன், எஸ்எஸ்டி, மதர்போர்டு எல்லாம் சேர்த்தா 300 பக்கம் வந்துடும். 192 தர்ற பெட்டிகிட்ட 300 கேக்குறோம்.

நல்ல கம்பெனியோட 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் பாருங்க. 12 வோல்ட் லைன்ல 43, 45 ஆம்பியர்னு இருக்கும். 45-ன்னா 540 வாட்ஸ். பேர்ல சொன்னது கிட்டத்தட்ட முழுசா 12 வோல்ட்லயே கிடைக்குது. கடையில நிற்கும்போது இந்த ஒரு பெருக்கல் போதும்.

ஓவர்லோட் ஆனா என்ன ஆகும்?

தரமான எஸ்எம்பிஎஸ்ல ஓவர்லோட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் இருக்கும். அளவு தாண்டினா டக்குனு தானே ஆஃப் ஆகிடும். எரிச்சலா இருக்கும், ஆனா பார்ட்ஸ் தப்பிச்சுடும்.

மலிவானதுல இந்தப் பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமலே இருக்கலாம். அப்போ 12 வோல்ட் இறங்க ஆரம்பிக்கும். ஏடிஎக்ஸ் விதிப்படி 5 சதவீதம் ஏற்ற இறக்கம்தான் அனுமதி, அதாவது 11.4 முதல் 12.6 வரை. அதுக்குக் கீழே போனா கேம் நடுவுல பிசி ரீஸ்டார்ட் ஆகும், திரை கறுப்பாகும். பலர் இதை டிரைவர் பிரச்சினைன்னு நினைச்சு விண்டோஸை மறுபடி மறுபடி இன்ஸ்டால் பண்ணிட்டு இருப்பாங்க. மோசமான நிலையில பெட்டி சாகும்போது அதிக வோல்டேஜை உள்ளே தள்ளிட்டுப் போகும். அப்போ கார்டு, மதர்போர்டு, எஸ்எஸ்டி எதுவும் போகலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். புது கார்டு போனா வாரண்டி இருக்கு. 2017-ல வந்த ஆர்எக்ஸ் 580-க்கு இன்னைக்கு யார்கிட்ட போய் நிற்கிறது? இந்த கார்டுகள்ல நிறைய, மைனிங்ல ஓடினவை. 2022 செப்டம்பர் 15-ல எதீரியம் மைனிங் முறையை விட்ட பிறகு மூட்டை மூட்டையா மார்க்கெட்டுக்கு வந்தது. ஏற்கனவே உழைச்சுக் களைச்ச கார்டு. அதுக்கு நல்ல சாப்பாடாவது போடணும்ல?

இன்னொரு விஷயமும் பார்த்துக்கோங்க. ஜிபியூ-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல ஷேடர்ஸ் எண்ணிக்கை 2304-னு காட்டினா அசல் 580. 2048-னு காட்டினா, அது 580 பேர்ல வந்த, உள்ளுக்குள்ளே 570 அளவே இருக்கிற மாடல். ஓடும், ஆனா 580 விலை கொடுக்கக் கூடாது.

கன்வெர்ட்டர் கேபிள் வேண்டவே வேண்டாம்

பழைய எஸ்எம்பிஎஸ்ல கார்டுக்குப் போற 8 பின் கேபிளே இருக்காது. உடனே, "சாட்டா கன்வெர்ட்டர் இருக்கு தம்பி, 150 ரூபாதான்" என்பாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்லயும் நரசிங்கபுரம் தெருவுலயும் எனக்கே பலமுறை இப்படி எடுத்து நீட்டியிருக்காங்க.

கணக்கைப் பாருங்க. 8 பின் என்பது 150 வாட்ஸ் தர வேண்டிய இணைப்பு. சாட்டா பவர் இணைப்பு 12 வோல்ட்ல தாங்குறது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்ஸ். ரெண்டு சாட்டாவைச் சேர்த்தாலும் 108. மீதிக்கு கேபிள் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். ஒரு எஸ்எம்பிஎஸ்ல 8 பின் கேபிள் வரலைன்னா, அந்த கார்டு எனக்குத் தாங்காதுன்னு அந்தப் பெட்டியே சொல்லுதுன்னு அர்த்தம்.

80 பிளஸ் ஸ்டிக்கர் பத்தியும் ஒரு வார்த்தை. அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காம மாத்துது என்பதற்கான சான்று. பிரான்ஸ்னா பாதி லோடுல 85 சதவீதம். பாதுகாப்பு சர்க்யூட் எப்படின்னு அது சோதிக்கிறதில்ல. அதனால ஸ்டிக்கரோட வாரண்டியையும் பாருங்க. ஐந்து வருஷம் தர்ற கம்பெனி உள்ளே போடுற கெப்பாசிட்டரை நம்பித்தான் தருது. கார்டு பழசா வாங்கலாம். எஸ்எம்பிஎஸ் மட்டும் புதுசா வாங்குங்க, ஏன்னா கெப்பாசிட்டருக்கு வயசாகும், வெளியே தெரியாது.

கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இருக்கா?

நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டும் சிலர் வீட்டுல இந்தப் பிரச்சினை வரும். நான் முன்பு இருந்த வாடகை வீட்டுலயும் இதே கதைதான். கேபினெட்டோட ஸ்க்ரூவுல டெஸ்டர் வெச்சா லைட் எரியும். பார்ட் கெட்டுப் போச்சுன்னு பயப்பட வேண்டாம். வீட்டுல எர்த் இல்லைன்னு அர்த்தம்.

எஸ்எம்பிஎஸ் வாசல்லயே மின் இரைச்சலை வடிகட்ட ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ஒண்ணு ஃபேஸ்லேருந்து பாடிக்கு, இன்னொண்ணு நியூட்ரல்லேருந்து பாடிக்கு. எர்த் இருந்தா அந்த துளி கரண்ட் மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லைன்னா பாடி நடுவுல தொங்கும், 230-ல பாதி, சுமார் 115 வோல்ட்ல. கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால சுர்ருனு மட்டும் இருக்கும். ஆனா எஸ்எம்பிஎஸ் உள்ளே ஒரு வயர் நிஜமாவே பாடியில பட்டா, காப்பாத்த எதுவும் இல்லை.

பழைய வீடுகள்ல மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுக்கச் சொல்லுங்க. "நியூட்ரலையே எர்த்துல லூப் போட்டுடறேன் சார்"னு சிலர் சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. எங்கேயாவது நியூட்ரல் கட் ஆனா, கேபினெட் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். இது பிசி விஷயமில்ல, உயிர் விஷயம்.

கரண்ட் போனா ரீஸ்டார்ட் ஆகுதே?

வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போது பிசி ஆஃப் ஆகுதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. கரண்ட் வர்றது நின்ன பிறகும் நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடுல சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப் பிடிக்கணும். இன்வெர்ட்டர் சாதாரண மோடுல இருந்தா மாறுறதுக்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். பல இன்வெர்ட்டர்கள்ல பின்பக்கமோ முன்பக்கமோ யூபிஎஸ் மோடுனு ஒரு சுவிட்ச் இருக்கும். அதை மாத்திப் பாருங்க, காசே செலவில்லாம சரியாகலாம்.

தனியா யூபிஎஸ் வாங்குறவங்க விஏ-வையும் வாட்ஸையும் குழப்பிக்காதீங்க. சாதாரண 600 விஏ யூபிஎஸ் தர்றது 360 வாட்ஸ்தான். சேவ் பண்ணிட்டு மூட அது போதும், மேட்சை முடிக்கிறதுக்கு இல்ல.

அப்போ காசு?

நியாயமான கேள்வி. நான் 2019-ல எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது மொத்த பட்ஜெட்ல அது பெரிய பங்கு. அந்தக் காசுல ஒரு படி மேல கார்டு வாங்கலாமேன்னு நண்பர்கள் கேட்டாங்க. அப்போ மாட்டினது எக்ஸ்ட்ரா பவர் கேபிளே வேண்டாத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அப்புறம் ஆர்எக்ஸ் 580. இப்போ 132 வாட்ஸ் மட்டும் எடுக்கிற ஆர்எக்ஸ் 6600. மூணு கார்டுக்கும் அதே பெட்டிதான். கார்டு மாறும், பெட்டி நிற்கும்.

குறைக்கணும்னா கேபினெட்ல குறைங்க, காத்து நல்லா போனா போதும். ஆர்ஜிபி ஃபேனை விடுங்க. மெக்கானிக்கல் கீபோர்டு அடுத்த வருஷம் வாங்கலாம். பிராசஸர் பழசா வாங்கலாம், அது சீக்கிரம் கெடுற பார்ட் இல்லை.

மதுரைத் தம்பிக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கு. 5600ஜி-யில உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. ரேம் ஒரே ஸ்டிக்கா இருந்தா ரெண்டாக்குங்க, பயாஸ்ல எக்ஸ்எம்பியை ஆன் பண்ணுங்க. உள் கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பயன்படுத்துது, அதனால வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வாலரண்ட் மாதிரி கேம் லோ செட்டிங்ல தாராளமா ஓடும். அடுத்த சம்பளம் வர்ற வரைக்கும் அதுல ஆடுங்க. ஆனா வாங்கின கார்டைச் சும்மா பெட்டியில வெச்சிருக்காதீங்க. நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்கிற நண்பர் சிஸ்டத்துல இந்த வாரமே போட்டு அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுப் பாருங்க. வித்தவர் நம்பரை எடுக்கிற காலத்துக்குள்ளேயே குறை தெரிஞ்சுடணும்.

உங்க எஸ்எம்பிஎஸ் லேபிள்லயும் 12 வோல்ட் வரியைப் பார்த்துப் பெருக்கிப் பாருங்க. சந்தேகம் இருந்தா ஃபோட்டோ அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.