தங்கக் கோட்டைக்கு எமன் தண்ணீர்! ஜெய்சல்மருக்கு 2 நாள் டூர் போகிறவர்கள் கவனத்துக்கு

படையெடுப்பைத் தாங்கிய கோட்டை. முற்றுகையைத் தாங்கிய கோட்டை. 800 வருஷத்துக்கு மேலாக மணல் காற்றை மல்லுக்கு நின்று சமாளித்த கோட்டை. இப்போது அதை ஆட்டம் காண வைப்பது எது தெரியுமா? குழாய்த் தண்ணீர்!

அதுவும் எந்த ஊரில்? மழை மிகக் குறைவாகப் பெய்யும் பாலைவன ஊரில்!

ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது ஜெய்சல்மர். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய மாவட்டம். 1156-ம் ஆண்டு ராவல் ஜெய்சல் என்ற ராஜபுத்திர மன்னர் கட்டிய ஊர். 250 அடி உயரக் குன்றின் மேல் மஞ்சள் கல்லில் கோட்டை. 99 கொத்தளங்கள். அந்தி வெயில் பட்டால் மொத்தக் கோட்டையும் தங்கமாக ஜொலிக்கும். வங்காள டைரக்டர் சத்யஜித் ரே 1974-ல் 'சோனார் கெல்லா' (தங்கக் கோட்டை) என்று படமே எடுத்தார். 2013-ல் யுனெஸ்கோ இதை ராஜஸ்தானின் வேறு 5 மலைக்கோட்டைகளோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோட்டைக்குள் குடித்தனம்

மற்ற ஊர்க் கோட்டையில் வௌவால்தான் குடியிருக்கும். இங்கே மனிதர்கள்! சில ஆயிரம் பேர் தலைமுறை தலைமுறையாகக் கோட்டைக்குள்ளேயே வசிக்கிறார்கள். சந்துக்குள் மாடு படுத்திருக்கும். மாடியில் துணி காயும். கோவில் மணி அடிக்கும்.

ஒரு காலத்தில் ஒட்டக வணிகத்தில் கொழித்த ஊர் இது. வெள்ளைக்காரன் காலத்தில் பம்பாய் துறைமுகம் வளர்ந்தது. வியாபாரம் கடல் வழிக்குப் போய்விட்டது. 1947-ல் நாடு பிரிந்தது. பழைய பாதையும் அடைபட்டது. ஊர் படுத்துவிட்டது. பிறகு கை கொடுத்தது சுற்றுலாதான். கோட்டைக்குள் வீடு வைத்திருந்தவர்கள் அறையை வாடகைக்கு விட்டார்கள். வீடு லாட்ஜ் ஆனது. லாட்ஜ் ஓட்டல் ஆனது.

வந்தது வினை! முன்பெல்லாம் குடம் கணக்கில் சிக்கனமாகச் செலவான தண்ணீர், குழாய் வந்ததும் தாராளமாக ஓடியது. அறைக்கு அறை குளியலறை, கக்கூஸ். கோட்டை நிற்கும் குன்றோ உறுதியான கருங்கல் அல்ல. களிமண் கலந்த பாறை. ஈரம் பட்டால் இளகும். பழைய சாக்கடையில் கசிந்த தண்ணீர் அடியில் இறங்க, மேலே சுவர் பிளந்தது, கொத்தளம் சரிந்தது.

உலக நினைவுச் சின்ன நிதியம் 1996, 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கோட்டையை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனைப் பகுதிகளில் பழுது பார்த்தார்கள். சாக்கடையைச் சீர்படுத்தினார்கள். அப்படியும் கண்டம் தீரவில்லை. 2024 ஆகஸ்டில் பெய்த பலத்த மழையில் மதிலின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

எங்கே தங்குவது?

டூர் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். கோட்டைக்குள் ரூம் போட்டால் ஜன்னலைத் திறந்ததும் பாலைவனம் தெரியும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நாம் திறக்கும் ஷவர் அஸ்திவாரத்தில் போய் முடியும்.

"அப்படியானால் உள்ளே இருப்பவன் பிழைப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு அது சொந்த வீடு. கோட்டை சரிந்தால் முதலில் தெருவுக்கு வருவதும் அவர்கள்தான். ஆகவே காசை உள்ளே செலவு செய்யுங்கள்: சாப்பிடுங்கள், துணிமணி வாங்குங்கள், உள்ளூர் கைடை வையுங்கள். படுக்கையை மட்டும் கோட்டைக்கு வெளியே போடுங்கள். அங்கேயும் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியில் ஏறினால் கோட்டை முழுசாகத் தெரியும்!

முதல் நாள்

காலையிலேயே கோட்டைக்குப் போய்விடுங்கள். நாலு வாசல்களைத் தாண்டி ஏற வேண்டும். உள்ளே 7 ஜைனக் கோவில்கள். கல்லா, சந்தனக் கட்டையா என்று மயங்க வைக்கும் சிற்ப வேலை. வெளியாட்களுக்குக் காலை வேளைதான் அனுமதி. மதியம் போய் நின்றால் ஏமாற்றம். தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே கூடாது. பழைய ஓலைச்சுவடி நூலகமும் அங்கே உண்டு.

பிற்பகலில் மாளிகைகள். பட்வா என்ற பெரும் வணிகர் 5 பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 5 மாளிகைகளைப் பாருங்கள். 19-ம் நூற்றாண்டு வேலை. அடுத்தது 1885-ல் எழுந்த நத்மல் மாளிகை. அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு பக்கம் செதுக்கினார்களாம். பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரியும். உற்றுப் பாருங்கள், ஒன்றில்லை!

சாயங்காலம் கடிசர் ஏரி. ஊருக்கே தண்ணீர் கொடுத்த ஏரி. அதன் வாசல் வளைவைக் கட்டியவர் தீலோன் என்ற தாசி. அரச குடும்பம் முகம் சுளித்ததாம். அந்தம்மா சளைக்கவில்லை. வளைவின் மேல் கிருஷ்ணர் கோவிலை வைத்துவிட்டார். இனி எவன் இடிப்பான்? இப்படி ஊரில் கதை சொல்கிறார்கள்.

இரண்டாம் நாள்

காலையில் பழைய தலைநகர் லோதுர்வா. பிறகு குல்தாரா. பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுப் போன கிராமம். திவான் சலீம் சிங்கின் கொடுமை தாளாமல் ஒரே ராத்திரியில் கிளம்பினார்கள் என்பது கதை. பேய் உலாவுகிறது என்பார்கள், காசில்லாத விளம்பரம்! தண்ணீர் வற்றியதும் வரிச் சுமையும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதுதான் நெஞ்சைத் தொடுகிறது. தண்ணீர் இல்லாமல் செத்த கிராமம் ஒரு பக்கம். தண்ணீரால் சரியும் கோட்டை இன்னொரு பக்கம்!

மாலையில் 40 கிலோ மீட்டரில் உள்ள சாம் மணல் மேடு. ஒட்டகச் சவாரி. ராத்திரி மாங்கணியார் பாடகர்களின் பாட்டு. காதில் தேன்.

உஷார்!

ஸ்டேஷனில் இறங்கியதும் புரோக்கர் மொய்ப்பான். "நீங்க சொல்ற லாட்ஜ் மூடிட்டாங்க சார்" என்பான். நம்பாதீர்கள். சல்லிசாக ரூம் கொடுத்து ஒட்டகச் சவாரியைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. எத்தனை மணி நேரம், சாப்பாடு சேர்த்தா, என்ன ரேட், எல்லாவற்றையும் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

ஜோத்பூரிலிருந்து ரயிலில் சுமார் 300 கிலோ மீட்டர். 6 மணி நேரம் பிடிக்கும். பஸ்ஸில் போனால் ஏறியதும் அவசர வழி எங்கே என்று பாருங்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதி ஜெய்சல்மரிலிருந்து ஜோத்பூருக்குக் கிளம்பிய தனியார் ஏ.சி. ஸ்லீப்பர் பஸ் தீப்பிடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

எல்லை மாவட்டம் என்பதால் அடையாள அட்டை பையிலேயே இருக்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். ராத்திரி குளிர் வாட்டும், ஸ்வெட்டர் அவசியம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும்; அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

லீவு கிடைத்தால் கிளம்புங்கள். பார்க்க வேண்டிய ஊர்தான். தங்குகிற லாட்ஜ் எதுவானாலும் சரி, குழாயை மூடிவிட்டுப் படுங்கள்!