ஒற்றை உயிரணுவின் ஆற்றல்

மாணவர்களே, நன்னீரில் வாழும் பிளனேரியா என்னும் சிறு தட்டைப்புழுவை வெட்டினால், தலையிழந்த துண்டு தலையையும், வாலிழந்த துண்டு வாலையும் இரண்டொரு வாரங்களில் வளர்த்துக்கொள்ளும். இதனைச் செய்வன நியோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள். கதிர்வீச்சால் இவற்றை அழித்துவிட்டாலோ, கத்திக்கு மடியாத புழு சில வாரங்களில் தானே மடிகிறது.

இவற்றுள் ஒன்று தனித்தே முழு உடலையும் ஆக்கவல்லதா, அன்றிக் கண்ணுக்கொன்று, குடலுக்கொன்று என வகைகள் கூடித்தான் ஆக்குகின்றனவா? நெடுங்காலம் விடை கிட்டவில்லை. 2011-இல் அமெரிக்க அறிஞர் பீட்டர் ரெட்டியன் குழுவினர், கதிர்பட்டுச் சாகவிருந்த புழு ஒவ்வொன்றினுள்ளும் வேறொரு புழுவின் ஒரே ஒரு நியோபிளாஸ்டைச் செலுத்தினர். பெரும்பாலானவை இறந்தன, சிலவே பிழைத்தன. பிழைத்தவற்றின் பழைய உயிரணுக்கள் படிப்படியாக மறைந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, அவற்றின் உடலில் இருந்த மரபுப்பொருள், அவ்வோர் உயிரணுவை ஈந்த புழுவினுடையதாகவே இருந்தது.