வயிற்றுக்குள் எத்தனை பாகம்?

"எக்கோ பாத்தாச்சாண்ணே?"

"நேத்துதான் பாத்தோம். கீழ வயரு அத்துப் போயிருக்கு. புதுசு மாத்தணும்."

உச்சிப்புளி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கேள்வி கேட்டவர் விழித்தார். அவர் விசாரித்தது அண்ணனுடைய மாமியாரின் நெஞ்சுவலியை. ராமநாதபுரத்தில் எக்கோ எடுக்கச் சொல்லியிருந்தார்களாம். அண்ணன் பதில் சொன்னதோ விசைப்படகில் இருக்கும் எக்கோவுக்கு. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். டீ ஆறிய பிறகும் அந்தச் சொல் மட்டும் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் பேசியது ஒரே வித்தையைப் பற்றித்தான். ஒன்று கடலுக்குள் பார்க்கிறது, மற்றது உடம்புக்குள்.

உச்சிப்புளிக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே அரியமான் வழியாகப் போனால் பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் கடற்படையின் விமானதளம், பெயர் ஐ.என்.எஸ். பருந்து. உயரத்திலிருந்து நோட்டம் பார்க்கிற இடத்துக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் பருந்தின் பார்வை தண்ணீர்ப் பரப்போடு சரி. கடல் கலக்கலாகக் கிடக்கும் நாட்களில் நாலு பாகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எந்தக் கண்ணும் சொல்லாது. வெளிச்சம் நின்றுபோகிற இடத்திலும் சத்தம் போகும். ஓங்கில் இதை நமக்கு வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது. நம் காதுக்கு எட்டாத சுருதியில் சொடுக்கொலி விட்டு, திரும்பி வரும் எதிரொலியை வைத்தே இரையைப் பிடிக்கிறது.

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. கயிற்றின் முனையில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, தரை தட்டியதும் இழுத்துக் கையால் அளந்து "எத்தனை பாகம்" என்று சொல்வது பழைய வழக்கம். எக்கோ வந்த பிறகு கயிறு வேண்டியதில்லை. படகின் அடியில் பொருத்திய வில்லை ஒரு சொடுக்கு விடுகிறது. அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது. தண்ணீரில் சத்தம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று தெரிந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

அந்த வேகம்தான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது. கடலில் ஒலியின் வேகம் வெப்பத்தையும் உப்பையும் பொறுத்து மாறும். 5 டிகிரி குளிர்ந்த கடலில் நொடிக்குச் சுமார் 1470 மீட்டர். நம் பக்கத்துக் கடலுக்கு 28 டிகிரி வெப்பம், கிலோவுக்கு 34 கிராம் உப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால் வருவது 1540. உலகத்தில் எந்த மருத்துவமனைக்கு வேண்டுமானாலும் போய், நெஞ்சு எக்கோவும் வயிற்று ஸ்கேனும் எடுக்கும் மெஷினுக்குள் என்ன வேகம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே 1540. நம் தசை, ஈரல், ரத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்த சராசரி அது. சத்தத்தைக் கேட்டால், அரியமான் கடலும் அம்மாவின் வயிறும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்லும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்கேன் மெஷின் எந்தத் தூரத்தையும் அளப்பதில்லை. அளப்பது நேரத்தை மட்டும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13 மைக்ரோ நொடி. 130 மைக்ரோ நொடி கழித்து எதிரொலி வந்தால் அங்கே ஏதோ 10 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று திரையில் ஒரு புள்ளி வைக்கிறது. போன வழியெல்லாம் 1540 வேகம்தான் என்பது அதன் நம்பிக்கை. கொழுப்பில் ஒலி மெதுவாக, 1450 அளவில்தான் போகும். ஆகையால் 3 சென்டிமீட்டர் கொழுப்புக்குப் பின்னால் இருக்கிற உறுப்பு, திரையில் 2 மில்லிமீட்டர் தள்ளித் தெரியும். நாம் "போட்டோ" என்று சொல்லி வாங்கி வருவது உண்மையில் ஒரு கணக்குத்தாள்.

இந்த வித்தை மருத்துவமனையில் பிறக்கவில்லை. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு பனிப்பாறையை எதிரொலியால் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டார்கள். முதல் உலகப்போரில் பிரான்சின் பால் லாங்ஜெவான் நீர்மூழ்கிகளைத் தேடக் குவார்ட்ஸ் படிகத்தைக் கையில் எடுத்தார். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் அதிரும் என்று அந்தப் படிகத்தின் குணத்தை 1880, 81-ல் கியூரி சகோதரர்கள் கண்டிருந்தார்கள். அடுத்து அது இரும்புப் பட்டறைக்குப் போனது. வார்ப்பிலும் பற்றவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க.

1955 ஜூலையில் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்ட், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை இரண்டு காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பைச் சோதிக்கும் கருவியால் சதையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியையும் வைத்தார்கள். நீர்க்கட்டி ஒரு மாதிரியும் கெட்டிக் கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. மூன்று வருடம் கழித்து, 1958-ல், 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. வயிற்றில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டிதான் என்று டொனால்டின் கருவி காட்டிக்கொடுத்தது. அதை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். நம் பங்குக்கும் ஒன்று உண்டு. காதுக்கு எட்டாத மீயொலி ஓடும் திரவத்தின் வழியே ஒளி போகும்போது ஏன் பல கீற்றுகளாகப் பிரிகிறது என்பதை 1935, 36-ல் விளக்கியவர்கள் திருச்சியில் பிறந்த சி.வி.ராமனும் நாகேந்திரநாத்தும். ராமன்–நாத் கோட்பாடு என்று இன்றும் பெயர்.

இரும்பு வேலை இன்னும் முடியவில்லை. ரயில் தண்டவாளத்தில் ஒரு சின்னத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு, திரையைக் குனிந்து பார்த்தபடி நடக்கும் ஊழியர்களைப் பார்த்திருப்பீர்கள். அது தண்டவாளத்துக்கு எடுக்கும் ஸ்கேன். அந்த வண்டியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். தண்டவாளத்தை நனைத்துக்கொண்டே போவார்கள்.

ஏன் தண்ணீர்? இதற்குப் பதில் எங்கள் ஊர் மீன் ஏலத்திலேயே இருக்கிறது. கூரல் மீன் மாட்டினால் படகுக்காரருக்கு அன்று யோகம். சதையைவிட அதன் வயிற்றில் இருக்கும் காற்றுப்பைக்குத்தான் விலை. அதை நெட்டி என்பார்கள். எக்கோ திரையில் மீன் பளிச்சென்று தெரிவதற்கும் பெரும்பாலும் அந்த நெட்டிதான் காரணம். தண்ணீரிலிருந்து காற்றுக்குள் சத்தம் நுழையவே நுழையாது. எல்லையிலேயே முட்டித் திரும்பும். சுறாவுக்கும் திருக்கைக்கும் நெட்டி கிடையாது. அதனால் அவை அவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டும் திரையில் மங்கலாகத்தான் தெரியும்.

உடம்பிலும் இதே கதை. சதைக்கும் காற்றுக்கும் நடுவே ஒலியின் 99.9 சதவீதம் திரும்பிவிடும். உடம்பின் மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கட்டைக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை காற்று இருந்தாலும் போதும், திரை இருட்டு. அந்தக் காற்றை விரட்டத்தான் சில்லென்று வழவழப்பாக ஜெல் தடவுகிறார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். "வெறும் வயிற்றோடு வாங்க" என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் குடலில் சேரும் வாயு. மீதிப் பாதி, சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும் என்பது. கீழ்வயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர் முட்டும்வரை தண்ணீர் குடிக்கச் சொல்வதும் சும்மா இல்லை. நிரம்பிய சிறுநீர்ப்பை வாயு நிறைந்த குடலை ஒதுக்கிவிட்டு, கருப்பையைப் பார்க்க ஒரு ஜன்னலாக நிற்கிறது.

கட்டைக்குள் இருப்பது பிஸட்டி என்னும் செராமிக். 1950-களில் வந்து குவார்ட்ஸின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 5 மெகாஹெர்ட்ஸ் கட்டையில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சாதாரணக் கட்டையில் 128 கீற்றுகளாக அறுத்து வரிசையாக வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அதிர்ந்தால் ஒலி நேராகப் போகும். ஓர் இடத்தில் குவிய வேண்டுமென்றால் ஓரத்தில் இருப்பவை கொஞ்சம் முந்திக்கொள்ள வேண்டும். தூரத்து வீட்டுக்காரர்கள் முன்னாடியே கிளம்பினால்தானே கல்யாண மண்டபத்துக்கு எல்லோரும் ஒன்றாக வந்து சேர முடியும். அந்த முந்தல் ஒரு நொடியின் கோடிப் பங்குக் கணக்கில்.

எந்தச் சுருதியில் பேசுவது என்பதில்தான் உண்மையான பேரம். படகு எக்கோவில் 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு உண்டு. 50 ஆழம் போகும், ஆனால் படம் மொத்தமாக இருக்கும். 200 பொடிசைக்கூடப் பிரித்துக் காட்டும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும். டாக்டர் வயிற்றுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸும் கழுத்துத் தைராய்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸும் எடுப்பது அதே காரணத்தால். 3.5-ல் 15 சென்டிமீட்டர் போய்த் திரும்பும் ஒலியில் மிஞ்சுவது ஒன்றே முக்கால் லட்சத்தில் ஒரு பங்கு. 10-ல் போனால் திரும்பி வருவதற்கு ஒன்றுமே இருக்காது. ஆழத்திலிருந்து வருவது இப்படி மெலிந்து வருவதால், தாமதமாக வரும் எதிரொலியை மெஷின் அதிகமாகப் பெருக்கிக் காட்டுகிறது. தொலைவிலிருந்து பேசுகிறவருக்கு மைக்கைக் கூட்டி வைக்கிற மாதிரி.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 15 சென்டிமீட்டருக்குப் போய்வர 195 மைக்ரோ நொடி ஆகும் என்றால், அதில் மெஷின் பேசுவது ஏறக்குறைய ஒரே ஒரு மைக்ரோ நொடி. மற்ற நேரமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. 128 கோடு கேட்டால் ஒரு படம். நொடிக்குச் சுமார் 40 படம். அதற்கு மேல் அவசரப்படுத்த வேண்டுமானால் ஆழத்தையோ கோடுகளையோ குறைக்க வேண்டும். சத்தத்தின் வேகத்தை எந்தக் கம்பெனியும் கூட்ட முடியாது.

கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கேட்கவிடும் அந்தக் குதிரை ஓடுகிற சத்தம் குழந்தையின் நெஞ்சுச் சத்தம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. நகரும் இதயத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி கொஞ்சம் மாறிவிடும். 1842-ல் டாப்ளர் சொன்ன விஷயம். 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி, நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும் ரத்தத்தில் 60 டிகிரி சாய்வில் பட்டால் வித்தியாசம் சுமார் 1600 ஹெர்ட்ஸ். அது நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் தற்செயலாக விழுகிறது. அந்த வித்தியாசத்தை ஸ்பீக்கரில் விடுகிறார்கள், அவ்வளவுதான். கேட்டு அழுகிற தாய்க்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

படகு எக்கோவுக்கும் ஆஸ்பத்திரி மெஷினுக்கும் இயற்பியலில் வித்தியாசம் இல்லை. சட்டத்தில் இருக்கிறது. கருவின் பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. 2003-ல் இறுக்கினார்கள். ஒவ்வொரு ஸ்கேன் மெஷினையும் பதிவு செய்ய வேண்டும். நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இன்று சட்டைப்பையில் வைத்து செல்போனில் பார்க்கும் அளவுக்குக் கட்டை சுருங்கிவிட்டது. கடலோரக் குடிசைக்கு நர்ஸ் கையிலேயே கொண்டுபோகலாம். சட்டம் குறுக்கே நிற்கிறது. எரிச்சல்தான், ஆனாலும் நான் சட்டத்தின் பக்கம். கண்டிப்புக்குக் காரணம் கருவி இல்லை, நாம்.

இந்தக் கணக்கெல்லாம் கடைசியில் ஒரு மனிதரின் மணிக்கட்டில் வந்து நிற்கிறது. கட்டையை எந்தக் கோணத்தில் சாய்க்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் பித்தப்பைக் கல்லும் அதன் பின்னால் விழும் கறுப்பு நிழலும் தெரிவதும் தெரியாமல் போவதும். ஒரே எக்கோவை வைத்துக்கொண்டு ஒரு படகுக்காரர் தரையைப் பார்க்கிறார், இன்னொருவர் தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீனைப் பார்க்கிறார் இல்லையா, அப்படி. ஆகவே ஸ்கேனுக்குப் போகும்போது சாப்பிடாதே என்றால் சாப்பிடாதீர்கள், தண்ணீர் குடி என்றால் முட்டக் குடியுங்கள். பழைய ஸ்கேன் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். கட்டையைப் பிடித்திருப்பவரை அவசரப்படுத்தாதீர்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.