கோடை வெயிலும் தாழ்ந்த இரத்த அழுத்தமும்



இரத்த அழுத்தம் கூடினால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய 'மருந்து', உடம்பில் எது அதிகமானாலும் நோய், குறைந்தாலும் நோய் என்ற கருத்தோடுதான் தொடங்குகிறது. அழுத்தத்துக்கும் இது பொருந்தும்.

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுடையது. கோடையில் தமிழ்நாட்டுச் சமவெளியின் வறண்ட காற்று இதன் வழியாகத்தான் நுழைகிறது. 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவாயிற்று. 2024 ஏப்ரல் இறுதியில் இம்மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையும் வந்தது. மூணாறோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கிறது. ஏலக்காய் வியாபாரத்துக்காக வண்டன்மேடு, பூப்பாறைப் பக்கம் போய்வருபவன் நான். கல்யாணம், திருவிழா என்று மலையிலிருந்து இறங்கி வருபவர்கள், "ஐயா, எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன்.

காரணம் எளிது. உடம்புச் சூட்டை வெளியேற்றத் தோலடி இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. குழாய் விரிந்து, உள்ளே ஓடுவதும் குறைந்தால் அழுத்தம் இறங்காமல் என்ன செய்யும்? சட்டென்று எழுந்தால் இரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறையும். பொதுவாக 90/60-க்குக் கீழே போனால் தாழ்ந்த அழுத்தம் என்பர். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலும் கவனிக்க வேண்டும். புது வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

முக்கியமானது இனிமேல்தான். பிரஷர் மாத்திரை, அதிலும் நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்குக் கோடையில் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் காட்டி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பகல் 11 முதல் 3 வரை வெயிலைத் தவிருங்கள். படுக்கையில் சற்று உட்கார்ந்திருந்து பிறகு எழுங்கள். மோர், கஞ்சித்தண்ணீர் நல்லது. அதிகம் வியர்த்தால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குடிக்கலாம். சர்க்கரை நோய், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் நீரும் அருந்தாத எங்கள் சமணக் குடும்பத்தார், பகலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போதிய நீர் குடித்துவிட வேண்டும். முதியோர் கோடையில் முழு உபவாசம் இருக்குமுன் மருத்துவரைக் கேட்பது நலம்.

மயங்கியவரை நிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். நினைவு தெளியாமல் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சுக் குழறினால் அது வெப்பத்தாக்கு. உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

இக்கட்டுரையை வீட்டுப் பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு எச்சரிக்கையும் ஆச்சு, பிள்ளைகளுக்குத் தமிழ் படித்தாற்போலவும் ஆச்சு.